கேட்காமல் விட்ட துட்டி

நெல்லைச் சீமையில் சாவு நிகழ்ந்த வீட்டைத் 'துட்டி வீடு' என்பார்கள். அவ்வீட்டுக்குச் சென்று வருவதைத் 'துட்டி கேட்பது' என்பார்கள். இச்சொல்வழக்கை நாம் சிறு வயது முதல் கேட்டு வந்திருந்தும், அதிலுள்ள நுட்பம் பிற்காலத்திலேதான் புலப்பட்டது. துட்டிக்குப் போகிறவர் ஆறுதல் சொல்லப் போவதில்லை, கேட்கப் போகிறார். திண்ணையிலோ பந்தலிலோ உட்கார்ந்து, "எப்படி ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பிறகு பேசுவதெல்லாம் அவ்வீட்டார்தாம். எத்தனை மணிக்கு மூச்சிரைத்தது, யார் வாயில் பால் ஊற்றியது, கடைசியாக யார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதையை அதே வரிசையில் சொல்வார்கள். முதல்நாள் சொல்லும்போது நடுவிலே குரல் உடையும். நாற்பதாவது முறை சொல்லும்போது கதை முடிவு வரைக்கும் போய்ச் சேரும். அப்படிச் சேர்ந்த நாளில்தான் அவ்வீட்டு அடுப்பில் மறுபடியும் ஒழுங்காகச் சோறு வேகும்.

யோபுவின் நண்பர் மூவரும் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்ததாகத் திருநூல் கூறுகிறது. அதுவரைக்கும் அவர்கள் துட்டியைச் சரியாகவே கேட்டார்கள். எட்டாம் நாள் வாய் திறந்து இறையியல் பேசத் தொடங்கியதும்தான் காரியம் கெட்டது. குருமடத்தில் இறையியல் பயின்று வந்த நம் போன்றோர் அவ்வப்போது நினைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

கொள்ளைநோய்கள் குடும்பங்களுக்கு என்ன செய்தன என்று எழுத முற்படும்போது நாம் இந்தச் சொல்லிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மாண்டவர்களை அரசுகள் எண்ணின. எண்ணியது சரியா தவறா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். ஆனால் எத்தனை வீடுகளில் துட்டி கேட்கப்படாமலே போயிற்று என்று எவரும் எண்ணவில்லை.

நம் மறைமாவட்டத்தின் மேற்கோரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், புளியங்குடிக்கும் தென்காசிக்கும் இடையே கடையநல்லூர் இருக்கிறது. கருப்பாநதியின் நீர் பாயும் வயல்கள், ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கேட்ட தறிச் சத்தம், நெடுஞ்சாலையின் இருபுறமும் வளர்ந்த கடைகள் என்று விளங்கும் ஊர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 90,000-த்துக்கும் மேற்பட்ட மக்கள். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் உதயமானபோது நெல்லையிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தது. இசுலாமியர் பெருந்தொகையினராகவும் இந்துக்கள் அவர்களோடு அடுத்தடுத்தும் வாழும் இவ்வூரில் கத்தோலிக்கர் சிலரே. இருந்தும் இவ்வூரையே நாம் எடுத்துக்கொண்டது ஏனெனில், பிரிவின் வலியை இவ்வளவு காலமாக, இவ்வளவு முறையாகப் பழகிய ஊர் நம் பக்கத்தில் வேறு சிலவே.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே கடையநல்லூரார் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். தஞ்சோங் பகார் துறைமுகப் பகுதியில் வேலை பார்த்தார்கள். 1941-இல் 'சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்' என்னும் அமைப்பைக் கண்டார்கள். 1946-இல் உமறுப்புலவர் பெயரால் அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியை நிறுவினார்கள். அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரைக்கும் நடந்தது. அந்நாளில் இந்தியாவிலிருந்து சென்ற கப்பலில் நோய் கண்டால் பயணிகளைக் கரைக்கு விடாமல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தங்கவைப்பார்கள். 1870-களில் காலராவுக்கு அஞ்சி அமைக்கப்பட்ட தனிமைக் கூடம் அது. 'தனிமைப்படுத்தல்' என்ற சொல்லை நாம் 2020-இல்தான் கற்றோம் என்று எண்ணிக்கொள்கிறோம். கப்பலேறிய நம் முன்னோருக்கோ அது பயணத்தின் ஒரு படி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் சப்பானியர் கைக்குப் போனபோது மூன்றரை ஆண்டுகள் கடிதப் போக்குவரத்தே அற்றுப்போயிற்று. தகப்பன் இருக்கிறானா இல்லையா என்று அறியாத பிள்ளைகள் அக்காலத்தில் இப்பக்கத்து வீடுகளில் வளர்ந்தார்கள். பிற்பாடு வளைகுடா வந்தது. பிரிவு மட்டும் மாறவில்லை.

நோயும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளைச் சூறையாடிய ஒரு காய்ச்சலைப் பற்றி விசாரிக்கச் சென்னை அரசு ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவினரான மருத்துவர்கள் தந்த அறிக்கை 1816-இல் லண்டனில் நூலாக அச்சாயிற்று. நீர், நிலம், காற்று, மழை எல்லாவற்றையும் ஆராய்ந்த அறிக்கை அது. காய்ச்சல் ஓய்ந்து சில ஆண்டுகளுக்குள், 1817-இல் வங்காளத்தில் கிளம்பிய வாந்திபேதி அடுத்த ஆண்டே தெற்கே இறங்கிவிட்டது. அதன்பின் அந்நூற்றாண்டு முழுவதும் அது நம் ஊர்களை விட்டுப் போகவே இல்லை. தாது வருடப் பஞ்சத்தில் (1876–78) பசியும் பேதியும் கைகோத்து வந்தன. தாய் தகப்பனற்ற பிள்ளைகளுக்காக மறைத்தளங்களில் இல்லங்கள் எழுந்தன.

இவையெல்லாம் ஏட்டில் உள்ள வரலாறு. வீட்டில் உள்ள வரலாறு வேறோர் இடத்தில் இருக்கிறது. அடம்பிடிக்கும் பிள்ளையை நம் பக்கத்துத் தாய்மார் எப்படி ஏசுவார்கள்? 'கழிச்சல்ல போவான்', 'பேதியில போவான்', 'கொள்ளையில போவான்'. இன்று இச்சொற்களுக்குப் பொருள் ஏதுமில்லை, கோபம் மட்டுமே. ஆயினும் ஒரு காலத்தில் காலையில் விளையாடிய பிள்ளை மாலையில் பேதியிலே போயிற்று. அப்படிப் பறிகொடுத்த தாய்மாரின் வாயிலிருந்து, எண்ணிப் பார்க்கவும் அஞ்சிய ஒன்று, வசவாக உருமாறிப் பேரப்பிள்ளைகளின் தலைமேல் வந்து விழுகிறது. நேராகச் சொல்லி அழ முடியாத துக்கம் இப்படியும் வழி தேடும் போலும்.

அதற்கு மாறாக, அம்மை நோயைப் பற்றி நம் மக்களிடம் ஒரு முறை இருந்தது. அம்மை கண்ட வீட்டின் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவுடன் வெளியார் உள்ளே போகமாட்டார்கள். வீட்டில் தாளிப்பதில்லை, உறவினர் தங்குவதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரைக்கும் எல்லாம் ஓர் ஒழுங்கில் நடக்கும். மருத்துவக் கண்கொண்டு பார்த்தால் இதுவும் தனிமைப்படுத்தல்தான். ஆனால் அவ்வீட்டைச் சுட்டி ஊரார் சொன்னது, 'அங்கே அம்மா வந்திருக்கிறாள்' என்பது. நோயுற்ற வீடு விருந்தாளி வந்த வீடாயிற்று. கிறித்தவ மறையை ஏற்ற நமக்கு அந்நம்பிக்கை உரியதன்று என்பது மெய்யே. எனினும் கிறித்தவ வீடுகள் சிலவற்றிலும் வேப்பிலை தொங்கியதையும், பங்குக் குருக்கள் அதைக் கண்டும் காணாதவர்போல் நடந்து போனதையும் பெரியவர்கள் சிரித்துக்கொண்டு சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் முன்னோர் அதற்கு ஈடாகப் புனித செபஸ்தியாரை வைத்துக்கொண்டார்கள். அம்பு தைத்த அவர் உடலில் கொப்புளங்கள் கண்ட தம் பிள்ளையின் உடலைப் பார்த்தார்கள்.

2020-இலும் நோய் கண்ட வீடுகளுக்கு அடையாளம் வைக்கப்பட்டது. அது வேப்பிலை அன்று, தகரம். சென்னையிலும் பிற ஊர்களிலும் தெருமுனைகளையும் சில இடங்களில் வீட்டு வாயில்களையுமே தகரத்தால் அடைத்தார்கள். கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள். நோக்கம் ஒன்றே: பரவக்கூடாது. ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டில் பிள்ளை தேறி எழுந்தபோது அண்டை வீட்டார் பார்க்க வந்தார்கள். தகரம் அடித்த வீட்டார் தேறி வெளியே வந்தபோது அண்டை வீட்டார் கதவைச் சாத்தினார்கள். இதைச் சொல்லி அதிகாரிகளைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அச்சம் எல்லாருக்கும் இருந்தது. நமக்கும் இருந்தது.

இடைப்பட்ட ஒரு நோயை இங்கே நினைவுகூராமல் செல்ல இயலாது. 1918 சூனில் பம்பாயில் கரையிறங்கிய இன்புளுவென்சா, அவ்வாண்டின் பிற்பகுதியில் இரண்டாம் முறையாக எழுந்து நாடு முழுவதும் பாய்ந்தது. மழையும் பொய்த்த ஆண்டு அது. இந்தியாவில் மாண்டவர் ஒன்றேகால் கோடி முதல் இரண்டு கோடி வரை என்று ஆய்வாளர் பலவாறு கணிக்கிறார்கள். இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-இல் 25 கோடியே 20 லட்சமாக இருந்த மக்கள்தொகை, பத்தாண்டு கழித்து 1921-இல் 25 கோடியே 13 லட்சம் ஆயிற்று. கணக்கெடுப்பு வரலாற்றில் நம் மக்கள்தொகை குறைந்த ஒரே பத்தாண்டு அது. அந்நோய் முதியவரைவிட இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்டவரையே மிகுதியாகத் தேடியது. ஆண்களைவிடப் பெண்களை மிகுதியாகக் கொன்றது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நோயாளியின் பாயருகே உட்கார்ந்திருந்தவள் யார்? அரைவயிறு உண்டு மீதியைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள் யார்? ஆக ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியே முதலில் அணைந்தது.

இவ்வளவு பெரிய அழிவு நம் குடும்பங்களின் பேச்சில் எங்கே இருக்கிறது? வடக்கே நிராலா என்னும் இந்திக் கவிஞர் அந்நோயில் தம் மனைவியையும் உறவினர் பலரையும் இழந்ததைத் தம் நூலொன்றில் எழுதினார். நம் பக்கத்தில் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிக் கதை சொன்ன கிழவிகளைக் கண்டிருக்கிறோம். 1918-ஐப் பற்றிச் சொன்ன ஒருவரையும் கண்டதில்லை. நம் கருத்து இதுதான்: பஞ்சம் ஊராரைக் கூட்டமாகத் தெருவுக்கு இழுத்து வந்தது, ஒருவர் துன்பத்துக்கு மற்றவர் சாட்சி. காய்ச்சலோ ஒவ்வொரு வீட்டையும் தனித்தனியே உள்ளிருந்து பூட்டியது. ஒரே வாரத்தில் எல்லா வீடும் துட்டி வீடாகிவிட்டால் யார் யாரிடம் போய்க் கேட்பது? சொல்லப்படாத கதை பேரனுக்கு வந்து சேராது. தாயற்று வளர்ந்த பிள்ளை தன் பிள்ளையிடம் ஏன் அப்படிக் கடுமையாக இருந்தான் என்பதற்கு விடை தெரியாமலே அடுத்த தலைமுறையும் வளர்ந்திருக்கும்.

நம் காலத்துக்கு வருவோம். கடையநல்லூருக்கு ஓர் ஒத்திகை 2012-இலேயே நடந்தது. அவ்வாண்டு நெல்லை மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியபோது பெரிதும் அடிபட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. தமிழகம் முழுவதும் அவ்வாண்டு 12,826 பேருக்கு நோய் கண்டதாகவும் 66 பேர் மாண்டதாகவும் அரசுக் கணக்கு கூறுகிறது. குழாயில் தண்ணீர் என்று வரும் என்று தெரியாத ஊர்களில் குடத்திலும் தொட்டியிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்காமல் குடித்தனம் நடக்குமா? அந்தத் தண்ணீரில்தான் கொசு பெருகியது. 'உன் வீட்டுத் தொட்டியால்தான் என் பிள்ளைக்குக் காய்ச்சல்' என்று ஒரு தாய் மற்றொரு தாயைக் குற்றம் சொல்லும் நிலையும் அதனால் வந்தது. நிலவேம்புக் குடிநீரை மக்கள் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். ஆனால் அன்று துட்டி கேட்பதற்குத் தடை இருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் தெருவே வந்து உட்கார முடிந்தது.

2020 மார்ச்சு 25 அன்று நாடு அடைக்கப்பட்டபோது அது முடியாமற் போயிற்று. தவக்காலத்தின் நடுவில் ஆலயங்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழாவை ஆளற்ற ஆலயத்தில் கொண்டாடினோம். அம்மாத இறுதியில் நோன்பு தொடங்கியது; அரசு வழங்கும் கஞ்சி அரிசியைப் பள்ளிவாசலில் காய்ச்சாமல் வீடுகளுக்குப் பங்கிட்டார்கள். தாயும் தகப்பனும் பிள்ளைகளும் ஒரே கூரையின்கீழ் இத்தனை நாள் சேர்ந்திருந்தது பலருக்கு அதுவே முதல் முறை. அதனால் சில நன்மைகளும் விளைந்தன என்பதை மறைக்கலாகாது. மார்ச்சு 24 மாலை முதல் மே 7 வரை மதுக்கடைகள் மூடியிருந்தபோது எத்தனையோ வீடுகளில் இரவு அமைதியாக விடிந்தது. "சாமி, இந்தக் கடையை மட்டும் திறக்காமலிருக்க வேண்டிக்கொள்ளுங்கள்" என்று தாய்மார் கேட்டார்கள். மே 7 அன்று திறந்தது. உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்சநீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைக்க, 16 அன்று மறுபடியும் திறந்தது. வேலையில்லாத கைகளும் வருமானமில்லாத வீடுகளும் இருந்த வேளையில் அது நடந்தது. அதன்பின் வந்த இரவுகளைப் பற்றி நமக்கு ஒப்புரவு அருளடையாளத்திற்கு வெளியிலும் நிறையச் சொல்லப்பட்டது.

பிள்ளைகளின் துன்பம் மெதுவாக வெளிப்பட்டது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் பள்ளி முகம் காணாத பிள்ளை திரும்பி வந்தபோது எழுத்தை மறந்தது மட்டுமன்று, அருகிலிருப்பவனோடு சண்டையிட்டுச் சமாதானமாவது எப்படி என்பதையும் மறந்திருந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலகெங்கும் 25 விழுக்காடு கூடியதாக உலக நலவாழ்வு நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. எண்ணைப் படித்தபோது நாம் வியக்கவில்லை. உறக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, மாத்திரை கேட்கவில்லை என்று நம்மிடம் வந்தவர்களில் பெரும்பாலோரிடம் விசாரித்துப் பார்த்தால், கதையின் அடியில் ஒரு சாவு இருந்தது. சரியாக அடக்கம் செய்யப்படாத சாவு.

நடுவண் அரசு 2020 மார்ச்சில் தந்த நெறிமுறைகள் இறந்தவரின் முகத்தை உறவினர் ஒருமுறை பார்க்கவும், தொடாமல் செய்யத்தக்க செபங்களைச் செய்யவும் இடம் கொடுத்தன. நீராட்டுவதும் முத்தமிடுவதும் தழுவுவதும் கூடா. நீர்மாலை எடுத்து நீராட்டும் வீட்டாருக்கும், மய்யித்தைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுவிப்பதைத் தம் கடமையாகக் கொண்ட இசுலாமியருக்கும், நெற்றியில் சிலுவை வரைந்து பெட்டியை மூடும் நமக்கும் ஒரே நாளில் கை கட்டப்பட்டது. ஏட்டில் இருந்த சலுகையும் களத்தில் பல இடங்களில் கிட்டவில்லை.

2020 ஏப்ரல் 19 இரவு சென்னையில் நடந்ததை நாடறியும். நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து தொற்றுக்குள்ளாகி இறந்த மருத்துவர் சைமன் ஏர்க்குலிசின் உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய முடியவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டு போனபோது ஒரு கூட்டம் கல்லும் கட்டையும் கொண்டு தாக்கியது. மனைவியும் மகனும் அங்கிருந்து போக நேர்ந்தது. உடன் பணியாற்றிய மருத்துவர் பிரதீப்குமார் நள்ளிரவில் திரும்பிச் சென்று, மண்வெட்டி பிடித்துத் தம் நண்பரைப் புதைத்தார். அதன்பின் ஒரு வாரத்திற்குள் இத்தகைய தடுப்பைக் குற்றமாக்கித் தமிழக அரசு அவசரச் சட்டம் இயற்றியது. அவர் மனைவி கேட்டது இழப்பீடு அன்று. கணவரின் உடலைத் தோண்டி எடுத்து, அவர் விரும்பியபடி கீழ்ப்பாக்கத்தில் மறுபடி அடக்கம் செய்ய வேண்டும் என்பதே. 2021 மார்ச்சு 31 அன்று உயர்நீதிமன்றம் அதற்கு அனுமதித்தது. ஓராண்டு கழித்து ஒரு பெண் நீதிமன்றத்தில் நின்று பெற்றது, துட்டிக்கான உரிமை அல்லாமல் வேறென்ன?

கடலுக்கு அப்பால் இலங்கையில் இன்னும் கொடுமை. நோயில் இறந்தவர் எவராயினும் எரிக்க வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஆணையிட்டார்கள். உடலைப் புதைப்பதால் நோய் பரவும் என்பதற்கு அறிவியல் சான்றில்லை என்று கூறப்பட்டும் பயனில்லை. பிறந்து இருபதே நாளான இசுலாமியப் பச்சிளங்குழந்தையும் அவ்வாண்டு திசம்பரில் எரிக்கப்பட்டது. கத்தோலிக்கக் குடும்பங்களும் அவ்வாறே தம்மவரைச் சாம்பலாகப் பெற்றன. 2021 பிப்ரவரி இறுதியில்தான் ஆணை தளர்ந்தது. கிழக்கே ஓட்டமாவடியில் ஒதுக்கப்பட்ட ஒரே நிலத்தில், நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் வந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டன. 2024 சூலையில் அந்நாட்டு அமைச்சரவை மன்னிப்புக் கோர முடிவு செய்தது. மன்னிப்பு வந்தது; சாம்பல் சாம்பலாகவே இருக்கிறது.

திருச்சபையின் நினைவுப் பேழையில் இத்தகைய நாள்களுக்கென்று சில செய்திகள் உண்டு. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் கொள்ளைநோய் பரவியபோது அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு எழுதிய மடலை யூசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காத்து வைத்திருக்கிறார். கிறித்தவர்கள் நோயாளியைத் தாங்கிப் பிடித்ததையும், கண்களை மூடி, நீராட்டி, துணி சுற்றி அடக்கியதையும், பிறகு தாமும் அவ்வாறே மாண்டதையும் அம்மடல் சொல்கிறது. 1576-இல் மிலான் நகரை நோய் பற்றியபோது பேராயர் சார்லசு பொரோமேயோ, வீட்டில் அடைக்கப்பட்ட மக்கள் பலகணி வழியாகப் பார்க்கும்படி தெருச்சந்திகளில் பீடம் அமைத்துத் திருப்பலி நடத்தச் செய்தார். 2020 மார்ச்சு 27 மாலை திருத்தந்தை பிரான்சிசு ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் தனியாக நின்றார். 1522-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் உரோமைத் தெருக்களில் சுற்றி வந்த அதே பாடுபட்ட சுரூபம் அன்று அருகே வைக்கப்பட்டிருந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன் திருப்பீடம், குருவின்றியும் நோயில்பூசுதலின்றியும் இறப்போருக்கு நிறைபேறு பலனை வழங்கியிருந்தது. திருச்சபையே துட்டி வீட்டு வாயிலில் வந்து நிற்பதுபோல் அது நமக்குத் தோன்றியது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். தோபித்து நூலை நாம் எத்தனையோ முறை மறையுரையில் எடுத்து விளக்கியிருக்கிறோம். தெருவில் கிடந்த தம் இனத்தாரின் உடலை, உயிருக்கு வரும் கேட்டையும் பாராமல், உணவை விட்டு எழுந்துபோய் அடக்கம் செய்தவர் அவர். 2021-இன் இரண்டாம் அலையில் அந்தத் தோபித்து எங்கே இருந்தார் என்று கேட்டால், தமிழகமெங்கும் முழு உடற்கவசம் அணிந்து, இந்து என்றும் கிறித்தவர் என்றும் பாராமல் உடல்களைக் குழியில் இறக்கிய இசுலாமியத் தன்னார்வ இளைஞர்களிடையே இருந்தார் என்றே சொல்ல வேண்டும். முந்தைய ஆண்டு அதே சமயத்தவரைத்தான் நோய் பரப்புகிறவர்கள் என்று நாடே விரல் நீட்டிப் பேசியது. நாம் அந்நாள்களில் பங்கு இல்லத்தின் மாடியில் இருந்தோம். ஐம்பதைத் தாண்டிய வயது, சர்க்கரை நோய், மேலிடத்தின் அறிவுரை என்று காரணங்கள் எல்லாம் நியாயமானவையே. நியாயமான காரணங்களோடுதான் அன்று ஏழு பேரின் அடக்கச் செபத்தைத் தொலைபேசியில் சொன்னோம்.

நற்செய்தியில் ஆண்டவரின் அடக்கமும் அவசர அடக்கமே. ஓய்வுநாள் நெருங்கிவிட்டது, நறுமணப் பொருள் பூசி முடிக்க நேரமில்லை, கல்லை உருட்டி மூடிவிட்டார்கள். குறைபட்ட அக்கடனை நிறைவேற்றவே மகதலா மரியாவும் மற்றப் பெண்களும் வாரத்தின் முதல் நாள் விடியலில் தைலத்தோடு போனார்கள். கல்லைப் புரட்டுவது யார் என்ற கேள்வி வழியெல்லாம் அவர்களுக்கு இருந்தது, இருந்தும் திரும்பவில்லை. விட்டுப்போன காரியத்தைச் செய்யக் காலந்தாழ்த்திப் போனவர்களின் காதில்தான் உயிர்ப்பின் செய்தி முதலில் விழுந்தது என்பதை நாம் இவ்வளவு வயதுக்குப் பிறகே கவனித்தோம்.

அவ்வேழு வீடுகளில் ஒன்றுக்கு 2024 நவம்பரில், கல்லறைத் திருநாள் கழிந்த வாரத்தில் போனோம். அக்குடும்பம் கடையநல்லூருக்குக் குடிபெயர்ந்திருந்தது. கணவர் 2021 சூனில் மருத்துவமனையில் இறந்தவர். ஒரே மகன் சிங்கப்பூரில். பறக்க வழியில்லாமல், வாகனத்தின் பின்கதவு மூடுவதைக் கைப்பேசியில் பார்த்ததோடு சரி. இறக்கி வைத்தவர்கள் முகம் தெரியாத பிள்ளைகள். அந்த அம்மாள் நம்மைக் கண்டதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மருத்துவமனையில் திருப்பித் தந்த நெகிழிப் பை அலமாரியில் அப்படியே இருந்தது; மூக்குக் கண்ணாடியும் துண்டும் உள்ளே தெரிந்தன. மூன்று ஆண்டாக அதன் முடிச்சை அவர் அவிழ்க்கவில்லை.

"எப்படி ஆச்சு அம்மா?" என்று கேட்டோம்.

அவர் சற்று நேரம் நம்மையே பார்த்தார். "இத்தனை நாளும் யாரும் கேட்கலையே சாமி" என்றார். பிறகு தொடங்கினார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லேசாக இருமல் வந்ததிலிருந்து தொடங்கினார். நடுவிலே குரல் உடைந்தது, நின்றது, மறுபடி செவ்வாய்க்கிழமைக்கே திரும்பியது. பக்கத்து வீட்டு பீவி சத்தம் கேட்டு வந்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தார். மஃரிபு பாங்கு சொன்னபோது கதை வெள்ளிக்கிழமைக்குத்தான் வந்திருந்தது.